இரண்டாம் சுற்றில் தோற்றவர்களையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரிக் கடைசியில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே மிச்சம் கிடந்த இடத்தில், ஜப்பான் சுமோ மல்யுத்தம் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். கோப்பையைத் தூக்கியவர் பெயர் சரி. ‘குண்டு வீரர்கள் மோதல்’ என்ற தலைப்பைக்கூட மன்னித்துவிடலாம். ‘தோல்வியடைந்த வீரர்கள் போட்டியிலிருந்து வெளியேறினர்’ என்று எழுதியதை மட்டும் விட மனம் வரவில்லை. சுமோவில் தோற்றவன் வெளியேறுவதில்லை. மறுபடி வந்து நிற்கிறான். அதைப் பார்ப்பதற்காகவே நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன்.

நான் கடையாலுமூடு பக்கம் பிறத்தியார் தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவன். சுமோவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பீர்கள். என் அக்காள் மகன் ஜப்பானுக்கு வெல்டிங் வேலைக்குப் போனான். 2018-இல் லீவுக்கு வந்தவன் என் போனில் இதைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பிடித்துக்கொண்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, நேரம்தான். ஜப்பான் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே கீழ்ப்பிரிவு ஆட்டங்கள் காலை எட்டரை மணியை ஒட்டித் தொடங்கும்போது இங்கே ஐந்து மணி. நான் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாய்ப் போய்க்கொண்டிருப்பேன். பெரிய வீரர்கள் மேடையேறும்போது நமக்கு மத்தியானம் பன்னிரண்டு தாண்டிவிடும். அப்போது நான் ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டுவிட்டு, கஞ்சி குடித்துவிட்டு உறங்கிக்கொண்டிருப்பேன். ஆகவே நீங்கள் எழுதும் பெரிய ஆட்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் எழுதாதவர்களைத்தான் தெரியும்.

கணக்கைச் சொல்கிறேன். மொத்தம் ஏறக்குறைய 600 பேர். ஆறு பிரிவு. மேலே மகூச்சியில் 42 பேர், அதற்கடுத்த ஜூர்யோவில் 28 பேர், ஆக 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். ஜூர்யோவில் கால் வைத்தாலே மாதம் 11 லட்சம் யென், நம் காசுக்கு ஏறக்குறைய ஆறு லட்சம். அதற்குக் கீழே மகுஷிதா, சந்தான்மே, ஜோனிதான், ஜோனொகுச்சி என்று நாலு பிரிவு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டி வரும்போது கொஞ்சம் படிப்பணம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். சோறும் பாயும் எல்லோரும் சேர்ந்து தங்கிப் பழகும் கூடத்தில். பெரிய ஆட்களுக்குச் சமைப்பது, முதுகு தேய்ப்பது, துணி துவைப்பது எல்லாம் இவர்கள் தலையில். எங்கள் மழைக்காலம் மாதிரிதான். வெட்டினால் கூலி, வெட்டாத நாளைக்கு ஒன்றுமில்லை.

ஒரு போட்டி பதினைந்து நாள். மேலே உள்ள 70 பேர் அத்தனை நாளும் ஆடுவார்கள். கீழே உள்ளவனுக்குப் பதினைந்து நாளில் ஏழே ஆட்டம். பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள். எங்கள் மரத்துக்கும் அதே முறை, இன்று வெட்டினால் நாளை ஓய்வு. (ஓய்வு மரத்துக்குத்தான். வெட்டுகிறவன் அடுத்த பிளாக்குக்குப் போய்விடுவான்.) ஒரே கணக்கில் இருப்பவர்களைத்தான் ஒருவரோடொருவர் மோத விடுவார்கள். இரண்டு ஜெயித்தவனுக்கு எதிரே இரண்டு ஜெயித்தவன், ஒன்றும் ஜெயிக்காதவனுக்கு எதிரே ஒன்றும் ஜெயிக்காதவன். மகுஷிதாவில் 120 பேர். ஒவ்வொரு சுற்றிலும் தோல்வியே காணாதவர்கள் பாதியாகக் குறைந்து, ஆறு ஆட்டம் முடியும்போது பெரும்பாலும் இரண்டு பேர் நிற்பார்கள். பதிமூன்றாம் நாள் அந்த இரண்டு பேரும் மோதி, அந்தப் பிரிவின் வெற்றிக்காரன் யார் என்று முடிந்துவிடும். எந்தப் பத்திரிகையிலும் அது வராது.

ஆனால் நான் காத்திருப்பது அந்த ஆட்டத்துக்கு அல்ல. பன்னிரண்டு நாளில் எல்லோருக்கும் ஆறு ஆட்டம் முடிந்திருக்கும். மிச்சம் ஆளுக்கு ஒன்று. அந்த ஒன்றைத்தான் பதிமூன்று, பதினான்கு, பதினைந்து என்று மூன்று நாளாகப் பிரித்துப் போடுவார்கள். ஆட்டங்கள் குறைவு என்பதால் அன்றைக்கெல்லாம் தொடங்குவதும் நேரம் கழித்துத்தான், நமக்கு ஏழு மணியை ஒட்டி. எனக்கு அது கடவுளாய்ப் பார்த்துக் கொடுத்த நேரம். முந்நூறு மரமும் வெட்டி முடிந்து, சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்க ஒன்பதரை ஆகும். அதுவரை ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டன் சாயாவோடு போனைப் பார்ப்பேன்.

அந்த மூன்று காலையில் வருகிறவர்களில் முக்கியமானவன் மூன்று ஜெயித்து மூன்று தோற்றவன். ஏழில் நாலு ஜெயித்தால் அடுத்த தரவரிசைப் பட்டியலில் ஏற்றம். நாலு தோற்றால் இறக்கம். ஆகவே மூன்று-மூன்றில் நிற்கிறவனுக்கு அந்தக் கடைசி ஆட்டம்தான் இரண்டு மாத உழைப்பின் கூலி. இந்த ஜனவரியில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஜோனிதான் ஆட்டம். பெரிய மண்டபத்தில் ஆளே இல்லை, முன்வரிசை மெத்தைகளெல்லாம் காலி. நடுவர் வேட்டியைத் தூக்கிச் செருகினாற்போல அங்கியை முழங்காலுக்கு மேலே செருகி, செருப்பும் காலுறையும் இல்லாமல் வெறுங்காலோடு நின்றார். கீழ்ப்பிரிவு நடுவருக்கு அதுதான் முறை. உப்பு எறிவது கிடையாது, அதெல்லாம் மேலே உள்ளவர்களுக்கு. இரண்டு பையன்களும் கறுப்புக் கச்சையில், கை முஷ்டியைத் தரையில் ஊன்றி எழுந்து முட்டிக்கொண்டார்கள். ஒருவன் தள்ளிக்கொண்டே போனான். மற்றவன் வளையத்தின் வைக்கோல் விளிம்பில் குதிகாலை வைத்து, வில்லாய் வளைந்து, அப்படியே உடம்பைத் திருப்பினான். இரண்டு பேரும் ஒன்றாய் வெளியே விழுந்தார்கள். நடுவர் ஒருவன் பக்கம் கையைக் காட்டிவிட்டார். கீழே உட்கார்ந்திருந்த நீதிபதிகளில் ஒருவர் கையைத் தூக்க, ஐந்து பேரும் மேலே ஏறி நின்று பேசினார்கள்.

வளையத்துக்கு வெளியே ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிய மணலைப் பரப்பி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் துடைப்பத்தால் தேய்த்து வைத்திருப்பார்கள். கால் விரல் பட்டால்கூடத் தடம் விழும். அந்த மணலில் ஒரு குதிகால், கட்டை விரல் அளவுக்கு. தள்ளிக்கொண்டு போனவனுடையது! ஆறு ஆட்டத்துப் பாடும் அந்தத் தடத்தில் போயிற்று. தோற்றவன் குனிந்து கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். அழவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. நான்தான் ‘சே’ என்று சொல்லி, சாயாவைக் கொட்டிவிட்டேன்.

என்னிடம் ஷீட் எடை எழுதும் நோட்டு ஒன்று உண்டு. அதன் பின்பக்கம் இவர்கள் கணக்கு. ஜெயித்தால் வெள்ளை வட்டம், தோற்றால் கறுப்பு வட்டம். ஜப்பான்காரர்களும் அப்படித்தான் குறிப்பார்கள். என் முதலாளி ஒருநாள் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னடே, மரத்துக்க கணக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரிக்கும் ஓர் ஆள் உண்டு. ஹத்தோரிசகுரா என்ற பையன். கடைசிப் பிரிவில் தொடர்ந்து 89 ஆட்டம் தோற்றவன். ஒல்லியான உடம்பு, முட்டினால் பின்னாலேயே போவான். 2018 முழுக்க அவள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “அந்தப் பாவம் பயல் இன்னைக்காவது செயிச்சானா?” என்பதுதான். என் அக்காள் மகன் வேலைக்குப் போன இடத்தில் நல்லாயிருக்கிறானா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. 2019 ஜனவரியில் அவன் ஜெயித்தான். நான் நோட்டில் வெள்ளை வட்டம் போட்டதை அவள் வாங்கிப் பார்த்து, பேனாவை எடுத்து அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டாள். உங்கள் பத்திரிகை சொல்கிற மாதிரி தோற்றவன் வெளியேறுவதாக இருந்தால், அந்த வட்டம் எங்கே விழுந்திருக்கும்?

இன்னொருவர், தெருனோபுஜி. மேலே இரண்டாவது பெரிய பட்டம் வரை போனவர், முழங்கால் போய், நோய் வந்து, ஆடாமல் கிடந்து, ஜோனிதான் 48-ஆம் இடம் வரை இறங்கிவிட்டார். 2019 மார்ச்சில் ஒசாகாவில் திரும்பி வந்தார். மார்ச் எங்களுக்கு மரம் இலை உதிர்ந்து துளிர்க்கும் காலம், வெட்டு கிடையாது. அதனால் காலையிலேயே உட்கார்ந்து பார்க்க முடிந்தது. இரண்டு முழங்காலிலும் கட்டோடு, ஒருகாலத்தில் தனக்கு முதுகு தேய்த்திருக்கக்கூடிய பையன்களோடு, காலி மண்டபத்தில் ஆடினார். அடுத்த வருஷம் ஜூலையில் முதல் பிரிவில் கோப்பை, 2021-இல் சுமோவின் உச்சப் பட்டம், 73-ஆவது யோக்கொசுனா. பட்டம் வாங்கியபோது உலகமே எழுதியது. எனக்கு அந்த ஒசாகா காலைதான் பெரிது.

பன்சுகே என்று அவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ஒரே தாளில் எல்லோர் பெயரும். நடுவர்தான் தூரிகையால் கையாலேயே எழுதுவார். மேலே உள்ளவர் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். கீழே வர வர மெலிந்து மெலிந்து, ஜோனொகுச்சிக்கு வரும்போது தலைமுடி கனம்தான். அந்தப் பிரிவுக்கே ‘பூதக்கண்ணாடி’ என்றுதான் பட்டப்பெயராம். ஆனால் விட்டுப்போன பெயர் ஒன்று கிடையாது. 51 வயது வரை ஆடிவிட்டு 2022 ஜனவரியில் ஓய்வுபெற்ற ஹனகஸே ஒருநாளும் சம்பளப் பிரிவுக்குப் போனதில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர் பெயரும் அந்தத் தாளில் எங்கேயோ மெலிதாக இருந்துகொண்டேயிருந்தது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். அந்த ஜனவரிப் போட்டி நடக்கிற அதே நாட்களில்தான் நம் மாவட்டம் முழுக்கப் பொங்கல் கபடி. என் இளையவன் எங்கள் ஊர் அணியில் லெஃப்ட் கார்னர். குளச்சல் பக்கம் ஒரு ஊரில் மின்னொளி கபடி என்று டெம்போ பிடித்துப் போனோம். ஐம்பதுக்கு மேல் அணிகள். முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இரண்டாம் சுற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு நடந்தது. கடைசி இரண்டு நிமிஷம் வரை சமம். எதிரணி ரைடர் பாடி வந்து போனஸ் எடுத்து, திரும்புகிற ஓட்டத்தில் ஒருவனைத் தொட்டுவிட்டுப் போனான். அடுத்ததாக எங்கள் பையன் ஒருவன் கோட்டை மிதித்துவிட்டான். மூன்று புள்ளியில் போயிற்று. கடல் காற்றில் நடுங்கிக்கொண்டு அதே டெம்போவில் திரும்பினோம். நாலு மணிக்கு வீடு சேர்ந்து, நான் துணியை மாற்றிக்கொண்டு வெட்டுக்குப் போனேன்.

மறுநாளைக்கு மறுநாள் பத்திரிகையில் அந்தப் போட்டிச் செய்தி வந்தது. எந்தப் பத்திரிகை என்று சொல்லவில்லை. கோப்பை வாங்கிய அணி பெயர் ஒரு வரி. கோப்பை கொடுத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர், நன்றி சொன்னவர் என்று பதினோரு பெயர், பொறுப்போடு. எண்ணிப் பார்த்தேன். ஐம்பது அணி, அணிக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்தாலும் அறுநூறு பையன்கள் அந்த மண்ணில் இறங்கியிருக்கிறார்கள். சுமோ பட்டியலில் உள்ள அளவு ஆட்கள். ஒருவன் பெயரும் இல்லை, ஒரு புள்ளிக் கணக்கும் இல்லை.

இடம் இல்லை என்பீர்கள். எழுத்தைச் சிறிதாக்குங்கள். வாழ்த்துரையில் நாலு பேரைக் குறைத்தால் முதல் சுற்று முழுக்க உள்ளே போய்விடும். அணி, ஊர், புள்ளி இவ்வளவு போதும். போட்டி நடத்தும் மன்றங்கள் ஸ்கோர் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பத் தயாராய்த்தான் இருக்கும். பூதக்கண்ணாடி நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். போட்டி நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒரு தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பாமல், தோற்ற அணியைத் தோற்ற அணியோடு இன்னொரு ஆட்டமாவது ஆட விடக்கூடாதா? அது வேறு கதை, விளக்கு வாடகையும் நடுவர் படியும் யார் கொடுப்பது என்று கேட்பார்கள்.

இப்போதைக்கு இதை மட்டுமாவது வாசகர் கடிதத்தில் போடுங்கள். இரண்டாம் சுற்று: எதிரணி 17, எங்கள் ஊர் அணி 14. லெஃப்ட் கார்னர் மூன்று பிடி.

இப்படிக்கு,
ஒரு வெட்டுக்காரன்,
கடையாலுமூடு பக்கம்,
கன்னியாகுமரி மாவட்டம்.