சனிக்கிழமை சாயங்காலத்தையாவது விட்டுவையுங்கள், பாஸ்டர் ஐயா

கர்த்தருக்குள் அன்பான பாஸ்டர் ஐயாவுக்கும் மூப்பர் அண்ணன்மார்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் சொன்னீர்களே, இனி சனிக்கிழமைதோறும் மாலை 6.30க்குக் குடும்ப வளர்ச்சி வகுப்பு, கணவன் மனைவி பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று, அதைப் பற்றித்தான் இந்த மடல். நேரில் சொன்னால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் யாராவது ஒரு வசனத்தை அனுப்பி வாயை அடைத்துவிடுவார்கள்.

வாரக் கணக்கு உங்களுக்கே தெரியும். செவ்வாய் பெண்கள் கூட்டம், புதன் வீட்டு ஜெபம், வியாழன் பாடகர் குழு ஒத்திகை, வெள்ளி உபவாச ஜெபம், ஞாயிறு முழுக்க சபையில். திங்கள் ராத்திரி என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வேலை. மிச்சம் இருந்தது சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான். எங்கள் குடும்பம் வளரவேண்டும் என்று அதையும் எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள்.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 31. என்னிடம் காட்டினால் கத்துவேன் (கத்துவேன்தான்), அப்பாவிடம் தனியாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ரேங்க் கார்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான். தீபாவளிக்கு முந்தி கொலுசுப் பட்டறைகளில் எவ்வளவு நெருக்கடி என்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இவர் ஏழு மணிக்கு வருவார், கைக்கரியைக்கூடச் சரியாகக் கழுவாமல் பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார், திரும்பும்போது பையன் தூங்கியிருப்பான், காலையில் இவர் எழுவதற்குள் அவன் பஸ் ஏறியிருப்பான். பதினொரு நாள் காத்திருந்துவிட்டு அவனே அப்பா கையெழுத்தைப் போட்டுவிட்டான். ஸ்கூலில் என்னை வரச்சொல்லி நிற்கவைத்தார்கள். அன்றைக்கு ராத்திரி இவர், பொய்க் கையெழுத்து பாவம் இல்லையாடா என்று கையை ஓங்கினார். அவன் அழவில்லை. "எப்பப்பா உங்ககிட்ட காட்டறது, ஒரு நாள் சொல்லுங்க" என்றான். இவர் ஓங்கிய கையை இறக்கிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

'ஜெபமில்லாத வீடு கூரையில்லாத வீடு' என்று எங்கள் சுவரிலும்தான் மாட்டியிருக்கிறது. சபைக்கு ஜெபிக்கப் போய்ப்போய், அந்தச் சுவருக்கு அடியில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எத்தனை மாதம் ஆகிறது தெரியுமா?

மே மாதம் ஏற்காட்டில் நடந்த குடும்ப முகாமை எப்படி மறப்பது! இருபது கொண்டை ஊசி வளைவிலும் என் சின்னவள் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். மேலே போனதும் ஆண்கள் ஒரு ஹால், பெண்கள் ஒரு ஹால், பிள்ளைகள் வேறொரு ஹால். 'குடும்பமாக நேரம் செலவிடுங்கள்' என்ற தலைப்பில் இரண்டு நாளில் நாலு செய்தி கேட்டோம். ஏரியில் படகு ஏறவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள், நேரமில்லை என்றீர்கள். வேனிலிருந்தே ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கினோம். அந்த முகாமுக்குத் தலைக்கு 900 ரூபாய். சரி, அது முடிந்த கதை.

சனிக்கிழமை வகுப்பு அறிவிப்போடு லூக்கா 2:52ஐயும் வாசித்தீர்கள். இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் தேவகிருபையிலும் மனுஷர் தயவிலும் விருத்தியடைந்தார். நல்ல வசனம்தான் ஐயா, ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்திருக்கலாம். பன்னிரண்டு வயதில் தேவாலயத்திலேயே தங்கிவிட்ட பிள்ளை, அம்மா அப்பா தேடிவந்ததும் அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று இருக்கிறது. அவர் வளர்ந்தது அந்த வீட்டில். கிட்டத்தட்ட முப்பது வயதில்தான் ஊழியத்தையே தொடங்கினார். ஆசாரியர் ஏலியும் ஆலயமே கதி என்று இருந்தவர்தான், அவருடைய பிள்ளைகள் கெட்டுப்போய் எப்படி அழிந்தார்கள் என்று நீங்களே பிரசங்கித்திருக்கிறீர்கள்.

வராத குடும்பங்களின் பெயரை மைக்கில் வாசிக்கப்போவதாக ஒரு மூப்பர் அண்ணன் சொன்னாராம். வாசியுங்கள். எங்கள் பெயரை முதலில் வாசியுங்கள், ஸ்பீக்கர்தான் புதிதாக வாங்கியாயிற்றே.

மன்னியுங்கள் ஐயா, வார்த்தை தடித்துவிட்டது. சபை வேண்டாம் என்று சொல்ல நான் யார், என் கல்யாணமே அங்கேதான் நடந்தது. தயவுசெய்து சனிக்கிழமை சாயங்காலத்தை வீடுகளுக்கே விட்டுவிடுங்கள், அன்றைக்கு எந்தக் கூட்டமும் வேண்டாம். வகுப்பு அவசியம்தான் என்றால் மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வையுங்கள், எல்லோரும் ஒரே ஹாலில். அன்றைய மதியச் சாம்பாருக்கு அண்டாவும் பருப்பும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் சபை விசுவாசி ஒருத்தி