காற்றை எடுத்துவிட்டால் மட்டும் மீன் கெடாமல் இருந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவுப் பொருளைப் பையிலிட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, வாயை ஒட்டித்தரும் வேக்கூம் சீலர் என்னும் சிறு இயந்திரத்தை மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என எங்கள் கடற்கரை ஊர்களில் இப்போது பலரும் வீட்டுக்கு வாங்குகிறார்கள். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கருவாடு கட்டிக் கொடுப்பதற்காகச் சிலர் வாங்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னதாக மீனை வாங்கி இருப்பு வைக்கச் சிலர் வாங்குகிறார்கள். மகளிர் குழுக் கடனில் வாங்கி, கருவாட்டையும் மிளகாய் வத்தலையும் பொட்டலம் போட்டு விற்கும் பெண்களும் உண்டு. இவர்கள் எல்லோரிடமும் விற்பனையாளர்கள் சொல்வது ஒன்றேதான்: "காற்று போய்விட்டால் எதுவும் கெடாது." இது பாதி உண்மை மட்டுமே. மற்றப் பாதியைச் சொல்லாமல் விடுவது, மீனையே அன்றாட உணவாகக் கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு உயிராபத்தாகக்கூட முடியலாம் என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காற்றை எடுப்பதால் நன்மை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பூஞ்சை வளர்வதற்கும், வண்டு பெருகுவதற்கும், கருவாட்டில் உள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதற்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் காரணம். அது குறைந்தால் இவை மூன்றும் குறையும். நன்றாகக் காய்ந்த நெத்திலிக் கருவாடு, காரல் கருவாடு, முண்டு மிளகாய் வத்தல், பருப்பு, அரிசி போன்றவற்றுக்கு இந்த இயந்திரம் உண்மையிலேயே நல்ல துணை. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கசியத் தொடங்கும் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிக்கும் அப்படியே. ஆனால் வீட்டு இயந்திரம் எதுவும் காற்றை முழுவதுமாக எடுத்துவிடுவதில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். பெட்டியின் மேல் "60 கிலோபாஸ்கல் உறிஞ்சும்" என்று அச்சிட்டிருந்தால், பையில் ஐந்தில் இரண்டு பங்கு காற்று மிஞ்சுகிறது என்று பொருள். 80 என்றால் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். ஆகவே ஈரம் போகாத பொருளை இதற்குள் வைத்துவிட்டுக் கவலையின்றி இருக்க முடியாது.

பச்சை மீனுக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. சாதாரணமாக மீனைக் கெடுத்து நாற்றமெடுக்கச் செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் கிடைத்தால்தான் விரைந்து பெருகும். காற்றை எடுத்தால் அவை அடங்குகின்றன. மீனும் நாற்றமெடுக்காமல், பார்க்கப் புதிதாகவே இருக்கிறது. ஆனால் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா காற்றில்லாத இடத்தில்தான் வளரும். அதன் வித்துகள், அதாவது உறங்கும் நிலையிலுள்ள அதன் உயிரணுக்கள், மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் மீனின் குடலிலும் இருக்கக்கூடியவை. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடும். இந்தப் பாக்டீரியாவில் மீனோடு தொடர்புடைய 'ஈ' (E) வகை 3.3 டிகிரி செல்சியஸ் குளிரிலும் வளரவல்லது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு பெரும்பாலும் அதைவிடச் சூடாகவே இருக்கும், அதுவும் அடிக்கடி திறந்து மூடும் பெட்டியானால் சொல்லவே வேண்டாம். நம் ஊர்ப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்த்தும், கண்ணைப் பார்த்தும், மோந்து பார்த்தும்தான் மீன் வாங்குகிறார்கள். தலைமுறைகளாக நம்மைக் காத்துவந்த அந்த மூக்கின் சாட்சி, காற்றெடுத்த பைக்குள் இருக்கும் மீனிடம் செல்லாது. நஞ்சு ஏறிய மீன் நாறாமலும் இருக்கலாம். பை உப்பாமலும் இருக்கலாம்.

ஆகையால் பச்சை மீனையோ இறாலையோ நண்டுச் சதையையோ இப்படிப் பொதித்தால், அது மைனஸ் 18 டிகிரி குளிர் தரும் ஃப்ரீசருக்குள் உடனே போக வேண்டும். கீழ்த்தட்டில் வைத்து நான்கைந்து நாள் ஓட்டுவதற்கு அது ஏற்றதன்று. சமைக்க எடுக்கும்போது பையை முதலில் வெட்டித் திறந்துவிட்டு, பிறகு குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே உறைவு விட வைக்க வேண்டும். பையைத் திறக்காமல் அடுப்படித் திண்ணையில் வைத்து உருகவிடும் பழக்கத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதை அடியோடு கைவிட வேண்டும். சமைத்த மீன் குழம்பைப் பையில் ஒட்டி, ஐஸ் இல்லாமல், இரவு ரயிலில் சென்னைக்குக் கொடுத்தனுப்புவதும் இதே காரணத்தால் தவறு. கொதித்த குழம்பில் மற்றக் கிருமிகள் செத்துப்போனாலும் பொட்டுலினத்தின் வித்துகள் பிழைத்திருக்கும். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் அவை தாராளமாக முளைக்கும்.

சூரை, கானாங்கெளுத்தி, சீலா ஆகிய மீன்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிடித்தவுடன் ஐஸில் போடாமல் வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அதை உண்டவருக்கு முகம் சிவந்து, உடல் அரித்து, தலைவலியும் வாந்தியும் வரும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, காற்றை எடுத்தாலும் போகாது. படகில் ஐஸ் காணாத மீனுக்கு வீட்டிலுள்ள எந்த இயந்திரத்தாலும் நன்மை செய்ய முடியாது.

மின்வெட்டைப் பற்றி விற்பவர்கள் யாரும் பேசுவதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்திலும் பாம்பனிலும் கொட்டிய பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாட்களில் மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல இயலாது. ஃப்ரீசரில் இருந்த மீன் முழுதும் உருகி, வீட்டுச் சூட்டுக்கு வந்து, அப்படியே மணிக்கணக்கில் கிடந்திருந்தால், பை இறுக்கமாக இருக்கிறதே என்று நம்பி மறுபடி உறைய வைத்துவிடக் கூடாது. காசு போனாலும் பரவாயில்லை என்று கொட்டிவிட வேண்டும். நடுவில் இன்னும் கட்டியாக ஐஸ் இருந்தால் அன்றே பையைத் திறந்து நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

இனிக் கருவாடு. இங்கே கேள்வி காற்றைப் பற்றியது அன்று, எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பற்றியது. நெத்திலியை வளைத்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வாளை, சீலா போன்ற பெரிய துண்டுகளின் தடித்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. மேலே உப்புப் பூத்துக் காய்ந்ததுபோல் தெரியும் பெரிய கருவாட்டின் உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். பையில் அடைபட்ட பிறகு அது மெல்ல வெளியே வந்து, பையின் உட்புறம் வியர்க்கும். இதை முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. ஒரு துண்டை உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி இரண்டு நாள் வைத்தால், உட்சுவரில் பனி படர்கிறதா என்று தெரிந்துவிடும். படர்ந்தால் இன்னும் வெயில் வேண்டும். அரைக் காய்ச்சல் கருவாட்டையும் குறைந்த உப்புக் கருவாட்டையும் காற்றெடுத்து அலமாரியில் வைப்பது, பச்சை மீனை வைப்பதற்கு ஒப்பான ஆபத்து. அவற்றுக்கும் ஃப்ரீசர்தான் இடம். கடற்கரை மணலில் பரப்பிக் காயவைத்த கருவாட்டில் மணல் ஒட்டியிருக்கும். ஒரு மணல்துகள் பையின் வாயில் சிக்கினாலும் ஒட்டு நிற்காது, முள்ளோ பையின் உடலில் குத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். மேடை கட்டியோ வலை விரித்தோ காயவைத்தால் மணல் வராது. துடுப்பையும் வாலையும் கத்தரித்துவிட்டு, முள் நீட்டும் பக்கத்தில் தடித்த காகிதம் வைத்துப் பொதிந்தால் துளைக்கும் இடம் இராது.

இயந்திரத்தில் இரண்டு வகை உண்டு. பையின் வாயை மட்டும் கவ்விக் காற்றை இழுப்பது ஒன்று. இது சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது, பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பை முழுவதையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியின் காற்றையே எடுப்பது மற்றொன்று. விலை பல மடங்கு, எடையும் அதிகம். முதல் வகையில் ஈரமான மீனை வைத்தால் நீரும் ரத்தமும் காற்றோடு சேர்ந்து உறிஞ்சப்பட்டு, ஒட்டைக் கெடுத்து, பம்பையும் கெடுக்கும். இரண்டாவதில் பைக்கு உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம் இருப்பதால் நீர் வெளியே இழுக்கப்படாது. விற்பனைக்காக நாள்தோறும் பச்சை மீனைப் பொதிந்து உறையவைக்கும் குழுக்கள், பணம் சேர்த்துக் கூட்டாக ஒரு பெட்டி வகை வாங்குவது நல்லது என்பது என் கருத்து. தனி வீட்டார் முதல் வகையையே வாங்கி, மீன் துண்டுகளைத் தட்டில் பரப்பி, மேற்பரப்பு கட்டியாகும்வரை ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு பொதியலாம்.

வாங்கும்போது விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில உள்ளன. காற்றை இழுப்பதற்கும் ஒட்டுவதற்கும் தனித்தனிப் பொத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முண்டு வத்தல் நசுங்கித் தூளாகும்வரை இயந்திரம் நிறுத்தாது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த உருண்டை வத்தலுக்கு அதன் வடிவமே அழகு, விலையும் அதில்தான். ஒட்டு அகலமாகவோ இரட்டைக் கோடாகவோ விழ வேண்டும். மூடியின் ரப்பர் வளையமும், சூடாகும் கம்பியின் மேலுள்ள டெஃப்லான் நாடாவும் தேயக்கூடியவை. அவை ராமநாதபுரத்திலோ மதுரையிலோ தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரம் 110 வோல்ட்டில் ஓடுவதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் சொருகினால் எரிந்துபோகும். பையிலும் ஏமாறக் கூடாது. கவ்வும் வகைக்கு ஒரு பக்கம் சொரசொரப்பான வரிகள் உள்ள பை தேவை. வழவழப்பான பையில் காற்று வெளியேற வழியிராது. கடையில் கிடைக்கும் வெறும் பாலித்தீன் கவர் ஆக்சிஜனையும் விடும், கருவாட்டு வாடையையும் விடும். நைலான் அடுக்கு சேர்ந்த பைதான் இரண்டையும் தடுக்கும். விமானப் பெட்டிக்குள் துணியோடு கருவாடு வைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே புரியும்.

ஒட்டும் வேலையில் கவனம் முழுவதும் பையின் வாயில் இருக்க வேண்டும். பையின் மேல்விளிம்பை மூன்று விரல் அகலத்துக்கு வெளிப்புறமாக மடித்துவிட்டுப் பொருளைப் போட்டால், உப்புப் பொடியும் எண்ணெயும் வாயின் உட்புறத்தில் படாது. பிறகு மடிப்பை நிமிர்த்தி, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும். ஒட்டிய கோடு ஒரே சீராகத் தெளிந்து தெரிய வேண்டும். நடுவில் மயிரிழை போல வெள்ளைக் கீற்று ஓடினால் அங்கே உப்புத்துகள் சிக்கியிருக்கிறது, அது வழியே ஓரிரு நாளில் காற்று ஏறிவிடும். மிளகாய்ப் பொடி, மசாலாப் பொடி என்றால் மேலே ஒரு மெல்லிய துணித்துண்டு வைத்தால் தூள் பம்புக்குள் போகாது. வேலை முடிந்ததும் தட்டைக் கழுவி உலர்த்தி, மூடியைப் பூட்டாமல் வைக்க வேண்டும். பூட்டி வைத்தால் ரப்பர் தட்டையாகிவிடும். எங்கள் உப்புக் காற்றில் திருகாணிகள் துருப்பிடிக்கும் என்பதால் மூடி போட்ட டப்பாவில் வைப்பது நல்லது.

உணவல்லாத பொருள்களுக்கு இந்த இயந்திரம் செய்யும் உதவியை நம்மவர் இன்னும் உணரவில்லை. குடும்ப அட்டை, பட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், படகுப் பதிவுச் சான்று ஆகியவற்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன் இப்படி ஒட்டிவைத்தால், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும் நனையாது. நிழற்படங்களுக்கு இடையே காகிதம் வைக்க வேண்டும், இல்லையேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பை நீளமாக இருந்தால் வெட்டித் திறந்தபின் மீண்டும் ஒட்டலாம். கடலுக்குச் செல்வோருக்குத் தீப்பெட்டி, கட்டுத்துணி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றை ஒருமுறை உபயோகத்துக்கான சிறு பைகளாகவே கட்டிக் கொடுக்க வேண்டும். நடுக்கடலில் மறுபடி ஒட்ட இயந்திரம் இருக்காது.

இவை எல்லாவற்றையும் தனி ஒருவர் வீடுவீடாகச் சென்று சொல்ல இயலாது. இயந்திரத்தோடு வரும் குறிப்பேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பச்சை மீனைப் பற்றிய எச்சரிக்கை அதில் இருந்தாலும் வாங்குபவருக்கு எட்டுவதில்லை. விற்பவர்கள் தமிழில் ஒரு பக்கக் குறிப்பாவது சேர்த்துத் தர வேண்டும். மகளிர் குழுக்களுக்குக் கடன் வழங்கும்போதே, மீன்வளத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் அரை நாள் செயல்முறைப் பயிற்சி தந்து, விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் பொதிந்த தேதியும், மீன் என்றால் "உறைநிலையில் மட்டும் வைக்கவும், திறந்த பின் உருகவிடவும்" என்ற வரியும் தமிழில் ஒட்டச் செய்ய வேண்டும். தடைக்காலத்துக்கு மீன் சேர்த்துவைக்கும் வேலை பங்குனியிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்னதாகத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இச்செய்தி இடம்பெற ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.