சளிதான் என்று விட்டுவிடாதே

அன்புள்ள மச்சான்,

அம்மாவை லண்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப் போகிறாய் என்று உன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லையே! நேரில் வா, காதைத் திருகுகிறேன். இங்கே கனடாவில் எல்லோரும் சுகம். ரியூஷன் மாஸ்டர் ஸ்கார்பரோ வந்திருந்தார். அந்தச் சைக்கிள் கதையை இன்னும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சேர்ப்பதில் பிழை இல்லை. ஆனால் போன மாதம் நான் வேலை செய்யும் பராமரிப்பு இல்லத்தில் நடந்ததை நீ கேட்க வேண்டும். விடிந்ததும் தேத்தண்ணி எங்கே என்று கேட்கும் ஒரு ஆச்சி, அன்று கோப்பையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வயதானவர்களுக்குப் பல வேளைகளில் இப்படித்தான் தொடங்கும். மாலையில் மூச்சு வாங்கியது. மறுநாள் பக்கத்துக் கட்டில்காரருக்கும். ஒரே பகுதியில் 48 மணி நேரத்துக்குள் இரண்டு பேர் என்றால் சுகாதாரத் துறைக்கு அறிவித்தாக வேண்டும். மூக்கில் மாதிரி எடுத்து அனுப்பினோம். ஃப்ளூ இல்லை, கொரோனா இல்லை. ரைனோ வைரஸ், அதாவது சாதாரணச் சளி, தடிமன். சொந்தக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம், திரும்பி வரவில்லை.

2009 நினைவிருக்கிறதா? ஜூனில் பன்றிக் காய்ச்சலை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள். எல்லோரும் அதற்கே காவல் இருந்தோம். பழைய ஃப்ளூக்களைச் சின்ன வயதில் கண்ட முதியவர்களுக்கு அதனிடம் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. அந்த ஆண்டில் ஆறு மாதங்களில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் பராமரிப்பு இல்லங்களில் நடந்த 297 சுவாசத் தொற்றுப் பரவல்களைச் சோதித்துப் பார்த்தால், 174 ரைனோ வைரஸால் வந்தவை! நாங்கள் முன்வாசலில் காவல் நிற்க, அது பின்கதவால் வந்துவிட்டது. ஃப்ளூவுக்குக் கொடுக்கும் டாமிஃப்ளூ மருந்து அதற்கு வேலை செய்யாது. கையை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

அதைவிட எனக்கு ஆத்திரம் தருவது வேறு. தடிமனோடு வேலைக்கு வரும் பிள்ளைகளை நான் எப்படித் திட்டுவது? வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, வாடகை கட்ட வேண்டும். ஒரு அறையில் நாலு கட்டில் போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கொரோனாவின்போது கண்ணால் கண்டோம். கனடாவில் முதல் அலையில் இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படியான இல்லங்களில் இருந்தவர்கள்.

அதனால் இல்லம் பார்க்கப் போகும்போது பூந்தோட்டத்தைப் பார்த்து மயங்காதே. ஒரு அறையில் எத்தனை பேர், ஊழியருக்குச் சுகமில்லாத நாளில் சம்பளம் உண்டா, ஒருவருக்கு மூக்கு ஒழுகினால் முதல் நாளே என்ன செய்வார்கள் என்று கேள். மழுப்பினால் எழுந்து வந்துவிடு. அப்புறம், பேரனுக்குத் தடிமன் என்றால் அந்தக் கிழமை அவனைக் கூட்டிப் போகாதே, வீடியோவில் பேசட்டும். அம்மா கோபிப்பா, பரவாயில்லை.

எந்த இல்லம் என்று முடிவானதும் உடனே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்