விளையாட்டுத் திடலுக்குப் பராமரிப்பு நிதியும் வேண்டும்

ஐயா,

காங்கேயம் அருகே கிராம மக்கள், கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி திரட்டுவதுபோல வீடு வீடாக நிதி திரட்டி, சிறுவர் விளையாட்டுத் திடல் அமைக்கவிருப்பதாக வெளியான செய்தியைப் படித்தேன். பெற்றோர் விசைத்தறிக்கும் பனியன் வேலைக்கும் சென்றுவிட, மாலையில் சாலையோரம் விளையாடும் பிள்ளைகளுக்கு இது அவசியத் தேவை. முன்னெடுத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், திரட்டிய தொகை முழுவதையும் ஊஞ்சலும் சறுக்குமரமும் வாங்குவதிலேயே கரைத்துவிடக் கூடாது. எங்கள் ஊர்த் திடலில் ஊஞ்சல் சங்கிலி அறுந்தபின், மாற்றப் பணமின்றி இரும்புச் சட்டம் மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. நிழலில்லாததால் சித்திரை வெயிலில் சறுக்குமரத்தைப் பிள்ளைகளால் தொடவே முடிவதில்லை.

தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில், மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கிறது. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அத்திட்டத்தின்கீழ் நிதி கோரலாம். அப்போது மிஞ்சும் ஊர்ப் பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் பழுதுபார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன்பே திடலைச் சுற்றி வேம்பும் புங்கனும் நட்டுவிட வேண்டும்.

– வாசகர், தாராபுரம்.