ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம்

அன்பு மக்களே,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தேன். தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். 3.1, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 1.1. இரண்டும் நார்மல். ஆன்டி டி.பி.ஓ. என்ற ஆன்டிபாடி மட்டும் 412, அந்த லேப் போட்டிருக்கும் எல்லை 34. உடம்பே தன் தைராய்டை எதிர்க்கும் தீனத்துக்குத்தான் ஹாஷிமோட்டோ என்று பேர். "ஹாஷிமோட்டோ இருக்கு, ஆனா ஹார்மோன் நார்மல், இப்போ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லி டாக்டர் உன்னை அனுப்பிவிட்டார். "அப்போ காலையில எந்திரிக்க முடியாம கிடக்கேனே, அதெல்லாம் நடிப்பாம்மா?" என்று நீ போனில் கேட்டாய். பக்கத்தில் உங்க அப்பா நின்றுகொண்டிருந்தார். பாதி காதில் விழுந்தாலே அவருக்கு ராத்திரி தூக்கம் போய்விடும் என்று நான் பேச்சை மாற்றினேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஆயுசில் பாதியை லேபில் கழித்தவள் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நடிப்பெல்லாம் இல்லை. உனக்கு இருக்கும் அசதி நிஜம். ஆனால் அதை முழுக்கத் தைராய்டின் கணக்கில் எழுதிவிடலாமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் அந்த 'நார்மல்' எப்படி வருகிறது என்று சொல்கிறேன். நோயில்லாத நிறையப் பேரிடம் ரத்தம் எடுத்து, அவர்கள் எண்களை வரிசையாக அடுக்கி, இரண்டு ஓரத்திலும் இரண்டரை சதவீதத்தைக் கழித்துவிட்டு நடுவில் நிற்பதை எல்லையாக வைப்பார்கள். டி.எஸ்.எச்.சுக்கு அது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஊருக்குப் பொதுவான அளவு அது. தனித்தனி ஆளுக்கென்று பார்த்தால் ஒவ்வொருவர் உடம்பும் அந்தப் பெரிய இடைவெளிக்குள் ஒரு சின்ன இடத்தில்தான் நிற்கும். டென்மார்க்கில் 16 ஆண்களுக்கு ஒரு வருஷம் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் அவரவர் இடத்தைச் சுற்றியேதான் ஏறி இறங்கினார்கள். ஆகவே "எல்லைக்குள் இருக்கு" என்பதும் "உனக்குச் சரியாக இருக்கு" என்பதும் ஒன்றில்லை என்று நீ சொன்னால், அதில் நியாயம் உண்டு.

சரி, உன் இடம் எது? நீ வேலைக்குச் சேரும்போது எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட் நம் பீரோவில், பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. அப்போது டி.எஸ்.எச். 2.8. ஓடியாடித் திரிந்த காலம் அது. 2.8-க்கும் 3.1-க்கும் நடுவில் இருப்பது ஒன்றுமில்லை. ஒரே ஆளுக்குக் காலையில் எடுத்தால் கூடும், மத்தியானம் எடுத்தால் குறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இது அடங்கிவிடும். தைராய்டு நின்ற இடத்தில்தான் நிற்கிறது என்று முடிவு கட்டலாம்.

ஆனால் முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் கேட்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று ஒரு மாத்திரை சாப்பிடுகிறாயே, அதன் அட்டையைத் திருப்பிப் பார். பயோட்டின் என்ற வைட்டமின் 10 மி.கி. என்று இருக்கும் என்று நினைக்கிறேன். தைராய்டு டெஸ்ட் செய்யும் மெஷின்களில் பலவற்றுக்கு உள்ளே, ஹார்மோனைப் பிடிக்கும் பொருளை ஒரு மணியில் ஒட்டவைக்கும் பசையே பயோட்டின்தான். ரத்தத்தில் பயோட்டின் நிறைய மிதந்தால் அது போய் அந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அப்போது டி.எஸ்.எச்.சை மெஷின் குறைத்துக் காட்டும், டி4-ஐக் கூட்டிக் காட்டும். எல்லா மெஷினும் அப்படி இல்லை. ஆனால் உன் லேபில் எது ஓடுகிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரத்தம் எடுக்கும் இடத்தில் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று யாரும் கேட்பதில்லை. முடிக்கான மாத்திரையை மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள்தான் நிறைய. நீ அதை நிறுத்தி மூன்று நாள் போகட்டும், அப்புறம் காலையில் அதே லேபில் திரும்ப எடு. அந்த எண் வந்த பிறகுதான் 3.1-ஐ நான் நம்புவேன்.

இப்போது இரண்டாம் பக்கத்துக்கு வா. முதல் பக்கத்தில் தைராய்டு இருந்ததால் எல்லார் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஹீமோகுளோபின் 10.6. சிவப்பணுவின் அளவைக் காட்டும் எம்.சி.வி. 73. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, எம்.சி.வி. 80-க்குக் கீழே என்றால் சிவப்பணு சிறுத்திருக்கிறது. பெரும்பாலும் இரும்புச்சத்து இல்லாததால்தான் அப்படிச் சிறுக்கும். அசதி, முடி கொட்டுவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது, ஏ.சி.யில் மற்றவர்களுக்கு முன்னால் குளிர்வது என்று நீ சொன்ன அத்தனையும் இதற்கும் வரும். இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் செய்யும் அந்த டி.பி.ஓ. என்ற நொதி வேலை செய்யவே இரும்பு வேண்டும். உன் உடம்பு எதிர்த்துக்கொண்டிருப்பதும் அதே நொதியைத்தான்.

அதனால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல். சளி, காய்ச்சல் இருக்கும்போது பார்க்காதே, பொய்யாகக் கூடிக் காட்டும். 15-க்குக் கீழே என்றால் சந்தேகமே வேண்டாம். 30-க்குக் கீழே என்றாலே இப்போது நிறைய டாக்டர்கள் மருந்து கொடுக்கிறார்கள். ஃபெரிட்டின் நன்றாக இருந்து சிவப்பணு மட்டும் சிறுத்திருந்தால் அது பிறவியிலேயே வரும் தலசீமியா குணமாக இருக்கலாம், அதற்கு இரும்பு மாத்திரை வேண்டியதில்லை. அதனால்தான் பார்க்காமல் விழுங்காதே என்கிறேன். கூடவே பி12 பார். ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் சிலருக்கு இதே மாதிரி எதிர்ப்பு இரைப்பையிலும் நடக்கும். அப்போது இரும்பும் ஒட்டாது, பி12-ம் ஒட்டாது. விலக்கு நாட்களில் போக்கு அதிகம் என்று நீ போன தடவையே சொன்னாய், அதையும் டாக்டரிடம் சொல். பெண் டாக்டர் இல்லை என்று விழுங்கிவிட்டு வராதே.

ஹாஷிமோட்டோ என்ற பேரைக் கேட்டதும் உனக்கு ஒரு வெப்ராளம் வந்திருக்கும். 1912-ல் ஜப்பானில் ஹாஷிமோட்டோ என்ற இளம் டாக்டர் நான்கு பெண்களின் தைராய்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, உள்ளே வெள்ளணுக்கள் குவிந்து கிடப்பதை எழுதிவைத்தார். ஏன் குவிகின்றன என்பது அவருக்கே தெரியாது. நம்ம கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-ல்தான், உடம்பே தன் தைராய்டை எதிர்த்து ஆன்டிபாடி செய்கிறது என்று லண்டனில் கண்டுபிடித்தார்கள். அதே வகையில் பிற்பாடு கண்டுபிடித்த இன்னொரு ஆன்டிபாடியைத்தான் உன் ரிப்போர்ட்டில் 412 என்று பார்க்கிறாய். அது இன்னும் எத்தனை என்று மாதாமாதம் பார்க்காதே. 412 என்பதால் 200-ஐ விட இரண்டு மடங்கு தீனம் என்று அர்த்தமில்லை, பார்த்துப் பார்த்துப் பணம்தான் போகும். பார்க்க வேண்டியது டி.எஸ்.எச். இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊர்க்காரர்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்ததில், உன்னைப்போல ஆன்டிபாடி இருந்து டி.எஸ்.எச். நார்மலாக இருந்த பெண்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர்போலத்தான் தைராய்டு குறைவுக்குப் போனார்கள்.

பெங்களூரில் வேறொரு டாக்டர் தைராய்டு மாத்திரை 25 மைக்ரோகிராம் ஆரம்பிக்கலாம் என்றாராமே. அந்த மாத்திரை ஆன்டிபாடியை ஆற்றும் மருந்தில்லை, குறையும் ஹார்மோனை ஈடுகட்டுவது மட்டும்தான் அதன் வேலை. குறையாதவருக்குக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கூடிப்போனால் படபடப்பு, தூக்கமின்மை, நாள்பட்டால் எலும்பு தேய்வது, வயசு போனவர்களுக்கு நெஞ்சுத்துடிப்பு தாறுமாறாவது. எனக்குக் கொடுத்தபோது டி.எஸ்.எச். 18; என் கதை வேறு, அதை வைத்து உனக்குக் கணக்குப் போடாதே. அப்படியும் ஒரு டாக்டர் உன்னைப் பார்த்துப் பேசி, முயற்சி செய்து பார்க்கலாம் என்றால், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொடங்கும்போதே கெடு பேசிக்கொள்: ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச்., மூன்று மாதத்தில் உடம்பில் மாற்றம் இல்லையென்றால் அவரிடமே கேட்டு நிறுத்துவது.

ஹார்மோன் நார்மலாக இருந்தும் இந்தத் தீனமே அசதி தருமா என்று நீ கேட்பாய். தரலாம் என்றுதான் தோன்றுகிறது. நார்வேயில் 150 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2019-ல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டு ஹார்மோன் நார்மலாகியும் சோர்வு போகாதவர்கள், ஆன்டிபாடி 1000-க்கு மேல். தைராய்டையே எடுத்துவிட்டவர்களுக்குச் சோர்வு நன்றாகக் குறைந்தது, மாத்திரையோடு நின்றவர்களுக்குக் குறையவில்லை. அறுத்தவர்களுக்குச் சிக்கல்களும் கணிசமாக வந்தன, உனக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம். உன் கேள்வி பைத்தியக்காரக் கேள்வி இல்லை என்று காட்டத்தான் எழுதினேன்.

செலினியம் மாத்திரை, கோதுமையை நிறுத்துவது என்று நீ அனுப்பியிருந்தவற்றையும் பார்த்தேன். செலினியம் சிலருக்கு ஆன்டிபாடி எண்ணைக் குறைக்கிறது, ஆள் நன்றாகிறாரா என்பதற்குத் தெளிவான சாட்சி இல்லை. கூடிப்போனால் முடிதான் கொட்டும்! நீ சாளையும் நெத்தோலியும் தின்று வளர்ந்தவள். அங்கே மீன் நாறுகிறது என்று விட்டுவிட்டாயே, அதைத் திரும்பத் தொடங்கு. கோதுமை விஷயத்தில் அவசரப்படாதே. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் தீனம் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம், ஆனால் கோதுமை தின்றுகொண்டிருக்கும்போது பார்த்தால்தான் தெரியும். கடல்பாசி மாத்திரையை மட்டும் கண்டிப்பாக வாங்காதே. அயோடின் கூடினால் இந்தத் தீனம் கிளறும்.

சம்பந்தியம்மா உனக்கு மரச்சீனி, அதான் மரவள்ளிக்கிழங்கு, ஆகாது என்றார்களாம். அவர்கள் சொன்னது அடியோடு தப்பில்லை. மரச்சீனியில் இருப்பது உடம்புக்குள் தயோசயனேட் ஆகி, அயோடினைத் தைராய்டுக்குள் போகவிடாமல் தடுக்கும். ஆனால் அது படுத்துவது அயோடின் இல்லாத ஊர்களில், மூன்று நேரமும் அதையே தின்கிறவர்களை. நம் வீட்டில் நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தானே தாளிக்கிறோம்? அயோடின் உப்பும் போடுகிறோம், பக்கத்தில் மீன்குழம்பும் இருக்கிறது. நீ வரும்போது தாராளமாகத் தின்னலாம். சம்பந்தியம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லி வம்பு வளர்க்காதே, சரி என்று கேட்டுக்கொள்.

குழந்தை பற்றி நான் அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே, அது நீயும் மருமகனும் பேசிக்கொள்வது. ஆனால் வயிற்றில் நின்றிருக்கிறது என்று தெரிந்த அன்றே ஆன்டி டி.பி.ஓ. உண்டு என்று டாக்டரிடம் சொல்லி டி.எஸ்.எச். எடு, பாதிக்காலம் வரைக்கும் நாலு வாரத்துக்கு ஒருதடவை பார்க்க வேண்டும். அதற்காக இப்போதே மாத்திரை போட்டுவைப்பதிலும் பலனில்லை: இங்கிலாந்தில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் குழந்தை பிறந்த கணக்கு ஒன்றுபோலவே இருந்தது.

ஒருவேளை எப்போதாவது மாத்திரை தொடங்கினால் வடக்குவீட்டுச் சித்தியைப்போலச் செய்யாதே. கட்டன் சாயாவோடு ஒன்று, அதன் பின்னாலேயே இரும்பு மாத்திரை, கால்சியம். அப்புறம் "மாத்திரை கேட்கமாட்டேங்குது" என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரைமணி ஒருமணி கழித்துத்தான் சாயா. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நாலு மணிநேர இடைவெளி.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. எந்த நேரத்தில் அசதி கூடுகிறது, எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், குறட்டை உண்டா என்று மருமகனிடம் கேட்டு அதையும். மனசு சரியில்லாத நாட்கள் இருந்தால் அதையும் எழுது. அதைச் சொன்னால் எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடுவார்கள் என்று பயப்படுவாய்; தள்ளினால் அடுத்த டாக்டரைப் பார்ப்போம், மறைக்காதே.

ஃபெரிட்டின், பி12, புது டி.எஸ்.எச். மூன்றும் வந்ததும் முழு ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்பு, அப்பாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடும்போது சனிக்கிழமை காலை இங்கே இறங்குகிறமாதிரி பார். இங்கே தைராய்டு பார்க்கிற டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறார்கள், கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்வார்கள். டோக்கனுக்கு முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். தேதி தெரிந்ததும் சொல்.

உன் அம்மா