கோத்திக் குடியிருப்பில் எது பழசு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவின் பழைய நகரப் பகுதியான ‘பார்ரி கோத்திக்’ (கோத்திக் குடியிருப்பு) முழுவதும் இடைக்காலத்தது என்கிறது சென்ற இதழின் பயணக் கட்டுரை. கட்டுரையோடு வந்த இரண்டு படங்களுமே அதற்கு எதிர்ச்சாட்சி. பிஸ்பே தெருவின் குறுக்கே போகும் கல்பாலம் 1928-இல் கட்டியது. பேராலயத்தை 1298-இல் தொடங்கினார்கள் என்பது சரிதான். ஆனால் முகப்பு பல நூற்றாண்டுகள் வெறும் சுவராகவே கிடந்தது. இன்று நாம் பார்ப்பது 1887-இல் தொடங்கிய வேலை, நடுக்கோபுரம் முடிந்தது 1913-இல்.

1908 முதல் லயெதானா என்ற புதிய சாலைக்காகப் பழைய வீடுகளை வரிசையாக இடித்தார்கள். தப்பியவற்றில் சில இடம் மாறின. பதேயாஸ் மாளிகையை அப்படித்தான் கல் கல்லாகப் பிரித்து, 1931-இல் ரெய் சதுக்கத்தில் பொருத்தினார்கள். அதற்கு அடித்தளம் தோண்டியபோதுதான் ரோமானிய நகரம் வெளிப்பட்டது. சாயப்பட்டறை, மீன் உப்பிட்ட தொட்டிகள், மது வடித்த இடம் எல்லாம் இன்று அங்குள்ள நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் நிலவறையில் இருக்கின்றன. திங்கட்கிழமை மூடியிருக்கும், பலர் ஏமாறுவது இங்கேதான்.

நடக்க நினைப்பவர்கள் மஞ்சள் தட மெட்ரோவில் ‘ஜௌமா 1’ நிலையத்தில் இறங்கி, கடலுக்கு முதுகு காட்டி லயெதானா சாலையில் ஏறலாம். இடக்கைப் பக்கம் ரோமானிய மதில், அதன் மேலேயே 14-ஆம் நூற்றாண்டின் சாந்த ஆகதா சிற்றாலயம். ரெய் சதுக்கத்தை முடித்துவிட்டு, பாரதீஸ் சந்து 10-ஆம் எண் வாசலுக்குள் நுழையுங்கள். அகஸ்டஸ் கோயிலின் 4 தூண்கள் சிறு முற்றத்தில் நிற்கின்றன, கட்டணம் கிடையாது. சந்துகளில் கைபேசி வரைபடம் தடுமாறும், தெருப்பலகைகளும் கதலான் மொழியில்தான்: ‘கர்ரேர்’ என்றால் தெரு, ‘பிளாசா’ என்றால் சதுக்கம்.

ஃபெலிப் நேரி சதுக்கத்தில் தேவாலயச் சுவரின் குழிகளைக் காட்டி, துப்பாக்கியால் சுட்டுக் கொன்ற இடம் என்று சொல்வார்கள். நம்பவேண்டாம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 30.1.1938 அன்று விமானங்களிலிருந்து விழுந்த குண்டுகளின் சிதறல் அது. இறந்த 42 பேரில் பெரும்பாலோர் குழந்தைகள்.

பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும், கோடையிலும் ஒரு துண்டு கையில் இருக்கட்டும். உள்முற்றத்தில் 13 வெள்ளை வாத்துகள் உண்டு. 13 வயதில் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் புனித எவுலாலியாவின் நினைவாக வளர்ப்பவை.

– வாசகர், மதுரை