நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்: அரச நிறுவனங்களின் பெறுகைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

கொழும்பில் சேர்வர்களைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில், அரச திணைக்களங்களின் இணையச் சேவைகளை முகிற் கணிமைக்கு (கிளவுட்) மாற்றுவதற்கான கேள்விப்பத்திரங்களை (டெண்டர்) நான் வழமையாக வாசிப்பதுண்டு. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை ‘சேவை 99.9 வீதம் கிடைக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்’ என்ற ஒற்றை வரியோடு, சேவை தடைப்படாமல் இயங்குவது பற்றிய விடயத்தை முடித்துக்கொள்கின்றன. எந்தப் பகுதி பழுதடைந்தால் எது பொறுப்பேற்கும், அதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும், அதற்குள் எவ்வளவு தரவு போய்விடும், இவை எல்லாவற்றையும் யார் எப்போது சோதித்துப் பார்ப்பார் என்பவை அங்கே கேட்கப்படுவதில்லை. அந்த வரி போதாது என்பதையும், அதனுடன் நீங்கள் சேர்க்க வேண்டியது என்ன என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலங்கள் உள்ளன. 99.9 வீதம் என்றால் அதில் ஏறத்தாழ எட்டே முக்கால் மணித்தியாலம் சேவை இல்லாமற் போகலாம். காலை 8.30 இலிருந்து பிற்பகல் 4.15 வரை திறந்திருக்கும் ஓர் அரச அலுவலகத்தின் முழு வேலைநாள் ஒன்று அதற்குள் தாராளமாக அடங்கிவிடும். அதாவது, ஒரு திங்கட்கிழமை முழுவதும் கருமபீடம் முடங்கிக் கிடந்தாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வழங்குநர் ஒப்பந்தத்தை மீறவில்லை. அதையே மாதத்துக்கு மாதம் கணக்கிட்டால் அனுமதிக்கப்படும் நேரம் சுமார் 43 நிமிடங்கள்தான். இரண்டில் எது என்று கேள்விப்பத்திரம் சொல்லாதபோது வழங்குநர் தமக்கு வசதியானதையே எடுத்துக்கொள்வார். ‘திட்டமிட்ட பராமரிப்பு’ என்று முன்கூட்டியே அறிவித்த நேரத்தையும் கணக்கிலிருந்து கழித்துவிடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வாசிக்கிறார்.

கருமபீடத்தின் இந்தப் பக்கத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்தில், முற்பகல் பத்து மணிபோல, உத்தியோகத்தர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டி, “சிஸ்டம் டவுன் ஐயா, பின்னேரம் ஒருக்கா வந்து பாருங்கோ” என்றார். என் முன்னால் நின்ற முதியவர் மன்னாரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர். இலக்கத் துண்டைச் சட்டைப் பையிலும், பத்திரங்களைச் சொப்பிங் பையிலும் வைத்துக்கொண்டு, “பின்னேரம் எண்டா எத்தினை மணி தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை அந்த உத்தியோகத்தரிடம் இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் அப்படியொரு எண் எழுதப்பட்டிருந்தால்தானே அவரிடம் இருக்கும்.

சேர்வர் இயங்கிக்கொண்டிருந்தது என்பதும் சேவை கிடைத்தது என்பதும் வேறுவேறு. ஒரு விண்ணப்பதாரர் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவதற்கு இணையப் பெயரைக் கண்டறியும் டீஎன்எஸ், வரும் கோரிக்கைகளைப் பங்கிடும் லோட் பலன்சர், செயலி இயங்கும் சேர்வர், தரவுத்தளம், கடவு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் சேவை ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே 99.9 வீதம் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்தையும் பெருக்கும்போது கிடைப்பது சுமார் 99.5 வீதமே. ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மணித்தியாலம். குறுஞ்செய்தி வராத காலையில் மற்ற நான்கும் எவ்வளவு சிறப்பாக இயங்கினாலும் ஒருவராலும் உள்நுழைய முடியாது. வழங்குநரின் மாத அறிக்கையிலோ அந்த நாள் பச்சை நிறத்தில்தான் இருக்கும். ஆகவே அளவீடு வெளியிலிருந்து, பாவனையாளர் செய்வதையே முழுமையாகச் செய்து பார்த்து எடுக்கப்பட வேண்டும். அதை எடுப்பவர் வழங்குநராக இருக்கவும் கூடாது.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்குவதே உயர் கிடைப்புத்தன்மையின், அதாவது ஒரு பகுதி பழுதடைந்தாலும் சேவை நிற்காதபடி அமைப்பதன், அடிப்படை. 99 வீதம் மட்டுமே நம்பத்தக்க இரண்டு சேர்வர்களைப் பக்கம்பக்கமாக வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி அமைத்தால், இரண்டும் ஒன்றாக விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் இரண்டின் பழுதுகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்குச் செல்லும். ஒரே தட்டில், ஒரே மின்னிணைப்பில், ஒரே சுவிட்சில் பொருத்திய இரண்டு சேர்வர்கள் காகிதத்தில் இரண்டு. பழுது வரும்போது ஒன்று. பெரிய முகிற் கணிமை நிறுவனங்கள் ஒரு பிராந்தியத்துக்குள், அதாவது ஓர் இடத்தைச் சூழவுள்ள தரவு நிலையங்களின் தொகுதிக்குள், பல வலயங்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு கட்டடம், வேறு மின்வழங்கல், வேறு வலையமைப்பு என்று பிரித்து வைப்பதன் காரணம் இதுவே. அமேசானின் வலயங்கள் ஒன்றுக்கொன்று 100 கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. ஒரு தீயோ வெள்ளமோ இரண்டையும் தொடாத அளவுக்குத் தூரம்; ஒரே பதிவை இரண்டு இடத்திலும் உடனுக்குடன் எழுதிவிடக்கூடிய அளவுக்குக் கிட்டம்.

ஒரு தீவில் இத்தகைய பிரிவைப் பெறுவது எளிதல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறென்று சொல்லப்பட்ட ஒன்றால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. 2020 ஓகஸ்ட் 17 ஆம் திகதியும் நாடு முழுவதும் இருண்டிருந்தது. கொழும்பிலுள்ள இரண்டு தரவு நிலையங்களை வெவ்வேறு நிறுவனங்கள் நடத்தினாலும் இரண்டும் தொங்குவது ஒரே மின்கட்டமைப்பில்தான். அதன்பின் எல்லாம் மின்பிறப்பாக்கியையும் அதன் டீசலையும் பொறுத்தது. டீசலுக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்த 2022 ஐ நாம் அதற்குள் மறந்திருக்க முடியாது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் வேறு கேள்விகள் எழுகின்றன. அமேசான், மைக்ரோசொஃப்ட், கூகிள் மூன்றுக்கும் இலங்கையில் பிராந்தியம் கிடையாது. மும்பையிலோ சிங்கப்பூரிலோ வைத்தால், மாத்தறையிலும் கல்கிசையிலும் கரையேறும் கடலடி வடங்களும் சங்கிலியின் கண்ணிகளாகிவிடும். மக்களின் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வதற்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லாச் சேவைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதில் இல்லை. ஆனால் விடை எதுவாயினும், எந்தப் பழுதைத் தாங்குவோம், எதைத் தாங்கமாட்டோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைப் புறக்கணித்தால் என்ன நடக்கும் என்பதற்கு, நம்மைவிடப் பல படிகள் முன்னே நிற்கும் தென் கொரியாவே சான்று. 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி தேஜொன் நகரிலுள்ள அந்நாட்டு அரச தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்களை இடம்மாற்றும் வேலை நடந்தபோது தீப்பற்றி, 709 அரச முறைமைகள் நின்றுபோயின. அரச ஊழியர்கள் தமது கோப்புகளைச் சேமித்து வைத்த ‘ஜீ டிரைவ்’ என்ற களஞ்சியத்தின் 858 டெராபைட் தரவு எரிந்தே போனது. கொள்ளளவு மிகப் பெரிது என்று சொல்லி அதற்கு வெளியிடத்தில் காப்புப் பிரதி வைத்திருக்கவில்லை.

காப்புப் பிரதியும் உயர் கிடைப்புத்தன்மையும் ஒன்றென்று கருதுவது கேள்விப்பத்திரங்களில் நான் அடிக்கடி காணும் இன்னொரு குழப்பம். இரண்டு தரவுத்தளங்கள் நொடிக்கு நொடி ஒன்றையொன்று பிரதி எடுத்துக்கொண்டிருந்தால், ஒருவர் தவறுதலாக அழித்ததும், ஊடுருவியவன் பூட்டிவைத்ததும் அதே வேகத்தில் மற்றதற்கும் போய்ச் சேரும். இலங்கை அரச கிளவுட்டுக்கு 2023 ஓகஸ்ட் மாதத்தில் நடந்ததை இங்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலில் அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான தரவு திரும்பக் கிடைக்கவில்லை, ஏனெனில் வலையமைப்பிலிருந்து துண்டித்து வைத்த காப்புப் பிரதி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை. முறைமை மீண்டும் இயங்கியது. ஆனால் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதங்கள் போனவை போனவைதான். கிடைப்புத்தன்மையின் வீதம் அந்த இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

எனவே ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதுங்கள்: நின்றால் எவ்வளவு நேரத்துக்குள் மீள வேண்டும், மீளும்போது கடைசி எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம். இவற்றை நிர்ணயிக்க வேண்டியவர் கணினிப் பிரிவினர் அல்லர், கருமபீடத்தை நடத்தும் பிரிவின் தலைவர். 2022 ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி போன்ற ஒன்று, எரிபொருள் நிரப்பு நிலையத்தில் கியூஆர் குறியைக் காட்டி ஒதுக்கீட்டைக் கழிக்க முடியாமல் பத்து நிமிடம் நின்றாலே, நாடு முழுவதும் வரிசை நீண்டுவிடும். ஒரு திணைக்களத்தின் வரலாறும் அமைச்சரின் வாழ்த்துச் செய்தியும் உள்ள இணையப்பக்கம் அரை நாள் திறக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டுக்கும் ஒரே 99.9 ஐ எழுதுவது முன்னதை ஏழையாக்கிப் பின்னதற்குப் பணத்தைக் கொட்டுவதாகும்.

‘கிளவுட்டில்தானே இருக்கிறது’ என்பதில் ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். அமேசானில் ஒற்றைச் சேர்வர் ஒன்றை மட்டும் வாடகைக்கு எடுத்தால் அந்நிறுவனம் உறுதியளிப்பது 99.5 வீதமே, மாதத்துக்கு மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் அது நிற்கலாம். பல வலயங்களில் பரப்பி வைத்தால்தான் 99.99 என்ற பேச்சு வரும். அதுவும் தவறினால், 99 வீதத்துக்குக் கீழே இறங்காதவரை, அந்தச் சேர்வர்களுக்கான கட்டணத்தில் பத்து வீதம் வரவாக எழுதப்படும். மன்னாரிலிருந்து வந்தவரின் பஸ் காசு அதில் சேராது.

வலயங்களைப் பரப்பிய பிறகும் வேலை முடியவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் பொறிமுறையும் பழுதடையக்கூடிய ஒரு பகுதிதான். 2025 ஒக்டோபர் 20 ஆம் திகதி அமேசானின் வட வேர்ஜீனியாப் பிராந்தியத்தில், தரவுத்தளச் சேவையொன்றின் டீஎன்எஸ் பதிவுகளைத் தானாக நிர்வகிக்கும் மென்பொருளின் இரண்டு செயற்பாடுகள் ஒன்றையொன்று முந்தியதில் பதிவு வெறுமையாகிவிட, வலயங்கள் எல்லாம் நலமாக இருந்தும் உலகெங்கும் பல சேவைகள் மணிக்கணக்கில் தடைப்பட்டன. சிறிய அளவில் நாங்கள் அன்றாடம் காண்பது வேறு. லோட் பலன்சர் ஒவ்வொரு சேர்வரையும் “இருக்கிறாயா?” என்று கேட்கிறது, சேர்வரும் “இருக்கிறேன்” என்கிறது, ஆனால் அதற்கும் தரவுத்தளத்துக்குமான தொடர்பு அறுந்து அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அல்லது இரண்டு தரவுத்தளங்களுக்கு இடையிலான இணைப்பு மட்டும் அறுந்து, இரண்டுமே தாம்தான் தலைமை என்று நம்பி, வேறுவேறு பதிவுகளை ஏற்கத் தொடங்கிவிடும். பிறகு அவற்றை ஒன்றுசேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெரும்பான்மை வாக்கால் தலைமையைத் தீர்மானிக்க மூன்றாவது ஓர் உறுப்பு வேண்டும் என்பதும், அது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். வழங்குநர் காட்டும் வரைபடத்தில் இரண்டு பெட்டிகளும் நடுவில் ஓர் அம்புக்குறியும் மட்டும் இருந்தால், மூன்றாவது எங்கே என்று கேளுங்கள்.

இவை எதையும் வரைபடத்தை வைத்துக்கொண்டு நிச்சயிக்க முடியாது. வெள்ளவத்தையில் கலியாண மண்டபம் பேசப் போகிறவர்கள்கூட, முற்பணம் கொடுக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி மின்பிறப்பாக்கியைப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். அதையே உங்களிடம் கேட்கிறேன். சேவையைப் பொறுப்பேற்கும் சான்றிதழில் கையொப்பமிடுமுன், ஒரு வேலைநாள் முற்பகலில், திணைக்கள உத்தியோகத்தர்களின் முன்னிலையில் ஒரு வலயத்தை முழுமையாக நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பிறகு தலைமைத் தரவுத்தளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முந்திய இரவின் காப்புப் பிரதியை வெறும் சேர்வர் ஒன்றில் மீட்டு, அதில் உங்கள் உத்தியோகத்தர் தாமே தெரிந்தெடுக்கும் சில கோப்புகளைத் திறந்து பார்க்கட்டும். காப்புப் பிரதி ‘வெற்றிகரமாக எடுக்கப்பட்டது’ என்ற தினசரி மின்னஞ்சலை ஆதாரமாக ஏற்க வேண்டாம். 2017 ஜனவரி 31 ஆம் திகதி, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் தலைமைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, அவர்கள் நம்பியிருந்த காப்பு முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. ஆறு மணித்தியாலத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியே மிஞ்சியது.

வேலைநாளில் நிறுத்தினால் மீளாமற் போய்விடுமே என்று வழங்குநர் தயங்கக்கூடும். இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னர் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் சேர்வர்களை வேலை நேரத்தில் தானே எழுமாறாக நிறுத்தும் ஒரு மென்பொருளைப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தியிருக்கிறது. பொறியியலாளர்கள் மேசையில் இருக்கும்போது விழுவது, அதிகாலை மூன்று மணிக்கு விழுவதைவிட மேல் என்பதே அவர்களது நியாயம். நமக்கு அந்த அளவு வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

பெறுபேறுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பகிரங்கமாக வெளியிடுங்கள்: எந்த நேரத்தில் நிறுத்தப்பட்டது, எத்தனை நிமிடத்தில் மீண்டது, எவ்வளவு தரவு போனது. சேவை தடைப்படும் நாட்களின் அறிவித்தலும் அவ்வாறே மூன்று மொழியிலும், சேவை இயங்கும் சேர்வரில் அல்லாமல் வேறோர் இடத்திலிருந்து வர வேண்டும். சேவையோடு சேர்ந்து அறிவித்தற் பலகையும் விழுந்துவிடுவதைப் பல தடவை கண்டாயிற்று.

புதிய கேள்விப்பத்திரங்களில் இவற்றைச் சேர்ப்பது எளிது. ஏற்கெனவே நடைமுறையிலுள்ள பராமரிப்பு ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும்போது, ஆண்டுக் கொடுப்பனவின் ஒரு பகுதியை இந்தச் சோதனை முடியும்வரை நிறுத்தி வைக்கும் வாசகம் ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு மேலதிகச் செலவாகும் என்று வழங்குநர் சொன்னால், எதற்காக எவ்வளவு என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இதுவரை எவ்வகைப் பாதுகாப்புக்குப் பணம் செலுத்தி வந்தீர்கள் என்பது அந்தக் கடிதத்திலிருந்தே தெரியவரும்.

இங்ஙனம்,
கொழும்பிலிருந்து ஒரு கணினி முறைமைப் பொறியியலாளர்